கடைசிப் பந்தி

நுழையும்முன்

நகர வாழ்வில் வீட்டு உணவும் உணவக உணவும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. வார நாள்களில் வீட்டில் தாளிக்கும் மணமும் விடுமுறை நாளில் உணவகத்தில் விரிக்கப்படும் வாழையிலையும் ஒருசேர இனிக்கின்றன. இவ்விரு சுவைகளும் எங்கிருந்து வந்தன? அவற்றைத் தரும் கைகள் யாருடையவை? அக்கைகளுக்கு உரியவர் எப்போது உண்கிறார்? இவ்வினாக்களை எண்ணிப் பார்க்க வைக்கிறது இக்கட்டுரை.

சென்னையில் பொழுது இரண்டு அடுப்புகளில் விடிகிறது. ஒன்று, அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை எழுப்பிக்கொண்டே ஏற்றப்படும் வீட்டடுப்பு. மற்றொன்று, அதே தெருமுனையில் விடியுமுன்பே எரியத் தொடங்கிவிடும் உணவகத்தின் அடுப்பு. ஆறு மணிக்கு நடைப்பயிற்சி முடித்துத் திரும்புவோர், மாடியிலிருந்து இறங்கும் கடுகு தாளிப்பின் மணத்தையும் தெருமுனையிலிருந்து வரும் சாம்பாரின் மணத்தையும் ஒன்றாகவே நுகர்கின்றனர். எது வீட்டு மணம், எது கடை மணம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

ஆயினும் இவ்விரண்டு அடுப்புகளையும் பகையாக நிறுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. “வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடு உண்டா?” என்பார் ஒருவர். “வாரத்தில் ஒருநாளாவது வெளியே சாப்பிடாவிட்டால் நாக்கு செத்துவிடும்” என்பார் மற்றொருவர். இருவரும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் இருப்பர். சில வேளைகளில் இருவரும் ஒரே ஆளாகவும் இருப்பதுண்டு. திங்கள்கிழமை முதலாவது வாதத்தையும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது வாதத்தையும் அவரே முன்வைப்பார். நகரத்தின் நாக்கு இரண்டு அடுப்புகளாலும் வளர்ந்த நாக்கு. எனவே, இரண்டின் கதையையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

அல்லங்காடி முதல் தருமச்சாலை வரை

வீட்டுக்கு வெளியே விலை கொடுத்து உண்ணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, மதுரை நகரத்தின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரிவாகக் காட்டுகிறது. அப்பம் முதலிய பண்டங்களைச் செய்து விற்போரைக் கூவியர் என்று அந்நூல் குறிப்பிடுகிறது. இரவு முற்றிய வேளையில் அவர்கள் அசதியில் தூங்கி வழிவதையும் அது விட்டுவிடாமல் சொல்கிறது. கடைத்தெருவின் செழிப்பைப் பாட வந்த புலவர், பண்டம் சுட்டுக் களைத்தவரின் உறக்கத்தையும் பாட்டுக்குள் கொண்டுவந்தது நினைக்கத்தக்கது.

பிற்காலத்தில் வழிநடைப் பயணிகளுக்குச் சத்திரங்கள் சோறிட்டன. 1867ஆம் ஆண்டு வள்ளலார் வடலூரில் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே பசித்து வந்தவரிடம் ஊரும் பேரும் கேட்பதில்லை. பசி ஒன்றே நுழைவுச்சீட்டு.

சத்திரம் அறத்தால் இயங்கியது. இன்றைய உணவகமோ தொழிலால் இயங்குவது. மாதச் சம்பளத்துக்கு வேலை என்னும் வாழ்க்கைமுறை பெருகி, ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்து அறையெடுத்துத் தங்குவோர் மிகுந்தபோது, அவர்களுக்கு நாள்தோறும் சோறிட ஓர் இடம் தேவைப்பட்டது. அத்தேவையின் விளைவாகவே நகரத் தெருக்களில் உணவகங்கள் பெருகின.

ஊர்விட்டு வந்தோரின் சமையற்கட்டு

சென்னையின் உணவகங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், அவற்றை நடத்தியோரும் ஊர்விட்டு வந்தவர்களே என்பது விளங்கும். கருநாடகத்தின் உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தோர் சைவ உணவகங்களைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான கே. கிருஷ்ணராவ் 1938ஆம் ஆண்டு இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் உணவகத்தைத் தொடங்கினார். 1962ஆம் ஆண்டு கதீட்ரல் சாலையில், மரநிழலில் மகிழுந்தை நிறுத்தி அதனுள் இருந்தபடியே உண்ணும் உணவகம் ஒன்றையும் அந்நிறுவனம் திறந்தது. வண்டியின் சன்னலில் மாட்டப்படும் தட்டில் தோசை வருவது அக்காலச் சிறுவர்களுக்குப் பெரும் வியப்பு. 2008ஆம் ஆண்டு மூடப்பட்ட அவ்விடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா அமைந்துள்ளது.

அன்று மவுண்ட் ரோடு என வழங்கிய அண்ணா சாலையில் 1951ஆம் ஆண்டு புகாரி உணவகம் தொடங்கப்பட்டது. அதன் பிரியாணியும் தேநீரும் நகரத்தின் பேச்சில் நிலைத்த இடம் பெற்றன. மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டி மக்கள் தொடங்கிய முனியாண்டி விலாஸ் அசைவ உணவகங்கள் தமிழ்நாட்டின் ஊர்தோறும் பரவின. அவற்றை நடத்துவோர் ஆண்டுதோறும் தம் ஊரில் முனியாண்டி சுவாமி கோயில் திருவிழாவுக்காகக் கூடுகின்றனர். அத்திருவிழாவில் வழங்கப்படும் பிரசாதம் ஆட்டுக்கறிப் பிரியாணியே. வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தவர்களுக்கு உணவகத் தொழில் பிழைப்பளித்ததை அத்திருவிழா ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

1960களில் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள், தம்மோடு அந்நாட்டின் சுவையையும் கொண்டுவந்தனர். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் மாலை நேரத்தில் அத்தோக் கடைகள் களைகட்டும். நூடுல்ஸ், முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கையாலேயே பிசைந்து தருவர். உடன் வாழைத்தண்டு மிதக்கும் சூடான சூப்பு வரும். அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் தங்கசாலைத் தெரு. இராசத்தான், குசராத்து ஆகிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பங்களுக்காக அங்கே கச்சோரியும் ஜிலேபியும் பொரிக்கப்படுகின்றன. இன்று அவற்றை வாங்க நிற்கும் வரிசையில் தமிழ்ப்பேச்சே மிகுதியாகக் கேட்கிறது.

ஆக, நகரத்தின் உணவகங்களுள் பல, ஊரைப் பிரிந்தவர்கள், ஊரைப் பிரிந்தவர்களுக்காக ஏற்றிய அடுப்புகளே ஆகும். ஒருவரின் வீட்டு உணவுதான் மற்றொருவரின் கடை உணவாக மாறியிருக்கிறது.

யாருடன் அமர்வது?

இந்த அடுப்புகள் தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒன்றுபோல் சோறிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல உணவகங்களில் சாதிப்பெயர் தாங்கிய பலகை தொங்கியது. உள்ளே ஒரு பிரிவினர்க்குத் தனி இடமும் மற்றவர்க்கு வேறு இடமும் ஒதுக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பல இடங்களில் வாசலே எல்லையாக இருந்தது. தொடர்வண்டி நிலையங்களின் சிற்றுண்டிச்சாலைகளும் இப்பிரிவினைக்கு விலக்கல்ல. கையில் காசு இருந்தும், வயிற்றில் பசி இருந்தும், உட்கார உரிமை இல்லாத நிலை அது.

இதனை எதிர்த்துச் சுயமரியாதை இயக்கத்தினர் நெடுங்காலம் போராடினர். 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 15ஆம் உறுப்பு இவ்வுரிமையைத் தெளிவாக வரையறுத்தது. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுப் பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றில் நுழைவதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்னும் காரணங்களை மட்டுமே காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். 1955ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னும் சில ஊர்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை தொடர்ந்தது என்பதும் மறைக்க இயலாத உண்மை.

இன்று நண்பகலில் நெரிசல் மிகுந்த உணவகம் ஒன்றில், முன்பின் அறியாத நால்வர் ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றனர். “கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தம் இலையை நகர்த்தி இடம் தருகிறார். எவரும் எவரிடமும் குலம் கேட்பதில்லை. எளிதாகத் தோன்றும் இக்காட்சிக்குப் பின்னால் பலருடைய நெடிய போராட்டம் உள்ளது. உணவகம் நகரத்துக்கு அளித்த சுவைகளுள் இதுவே தலையாயது எனலாம்.

கையளவும் கண்ணளவும்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்த இளைஞர் ஒருவரின் கதை, இந்நகரத்தில் பல்லாயிரவர் கதை. திருவல்லிக்கேணியில், மேன்ஷன் என்று அழைக்கப்படும் விடுதியின் சிற்றறையில் நண்பர் இருவரோடு அவர் தங்கினார். காலையில் சாம்பாரில் மூழ்கிய இரண்டு இட்லி, இரவில் மெஸ்ஸில் சப்பாத்தி என நாள்கள் கழிந்தன. முதல் சம்பளத்தில் நண்பர்களோடு பிரியாணி உண்டார். அடுத்தடுத்த மாதங்களில் அத்தோ, கொத்துப் பரோட்டா, செட்டிநாட்டுக் கோழி வறுவல் என நகரத்தை நாவினால் அளந்தார். ஓராண்டு அவ்வாறு மகிழ்ச்சியாகவே கழிந்தது.

அதன்பின் ஒருநாள் மழை பெய்துகொண்டிருந்த மாலையில், அம்மா வைக்கும் சுண்டைவற்றல் குழம்பின் நினைவு அவருக்கு வந்தது. நினைவு ஏக்கமாக வளர்ந்தது. நண்பர்கள் மூவரும் சமையலறையுள்ள சிறிய வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தனர். ஒரு மின்னடுப்பும் இரண்டு பாத்திரங்களும் வாங்கினர். கைப்பேசியில் அம்மாவை அழைத்தார் இளைஞர்.

“புளி எவ்வளவும்மா போடணும்?”

“ஒரு எலுமிச்சங்கா அளவு போதும்யா.”

“உப்பு?”

“அதுக்கு என்னய்யா அளவு? அள்ளும்போது கையே சொல்லும்.”

“எப்ப எறக்குறது?”

“எண்ண மேல மெதக்கும். வாசம் தெருவுக்குப் போவும். அப்ப எறக்கு.”

முதல் நாள் குழம்பு புளித்தது. இரண்டாம் நாள் கரித்தது. மூன்றாம் முறை, பக்கத்து வீட்டுக்காரர் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, வத்தக்குழம்பா?” என்று கேட்டார். வாசம் தெருவுக்குப் போய்விட்டது என்பதை இளைஞர் அறிந்துகொண்டார். அன்றிரவு மூவரும் சட்டியை வழித்து உண்டனர். தாமே சமைத்த உணவை முதன்முதலாக உண்ணும்போது தோன்றும் மகிழ்ச்சி தனித்தன்மை வாய்ந்தது. சுவையில் சிறு குறை இருப்பினும் அது குறையாகத் தெரிவதில்லை.

தாயின் கையிலும் கண்ணிலும் இருந்த அளவுகள் எழுத்தில் ஏறப் பல தலைமுறைகள் ஆயின. அவ்வகையில் 1951ஆம் ஆண்டு வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ குறிப்பிடத்தக்க நூலாகும். பிறந்த ஊரைவிட்டுத் தொலைவில் குடித்தனம் தொடங்கிய பெண்கள் பலருக்கு அது அருகிலிருந்து சொல்லித்தரும் மூத்தவராக விளங்கியது. இன்று அவ்விடத்தைக் காணொலிகள் பிடித்துக்கொண்டன. ஊடகம் மாறினாலும், உப்பை அள்ளும் கைக்கு அளவு பழகப் பல நாள்கள் வேண்டும் என்பது மாறவில்லை.

தெரிந்து தெளிவோம்

இட்லி மாவு பொங்குவது எப்படி?

நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது வீடுகளில் பரவலாகக் கையாளப்படும் அளவு. அரைத்துக் கலந்த மாவு ஏறத்தாழ 8 முதல் 12 மணிநேரத்தில் புளிக்கிறது. மாவில் பெருகும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் புளிப்பைத் தருவதோடு கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அவ்வாயுவை வெளியேற விடாமல் பிடித்து வைப்பதால் மாவு பொங்குகிறது. இட்லி மென்மை பெறுகிறது. ஆட்டுக்கல்லில் கையால் ஆட்டிய வேலையை, கோயம்புத்தூரில் உருவான மின்னரைவை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்றாகும்.

“நீ சாப்பிட்டியாய்யா?”

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இளைஞரின் தாய் சென்னைக்கு வந்தார். முதல் நாள் மகன் சமைத்த குழம்பை உண்டு, “உப்பு மட்டும் ஒரு கல்லு கூட” என்று தீர்ப்பளித்தார். இரண்டாம் நாள் நண்பகலில் மகன் அவரை உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அம்மா உணவகத்தில் அமர்ந்து உண்டது வாழ்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்க முறைகளே. அப்போதும் மடியில் ஒரு பிள்ளை இருந்திருக்கும்.

இலை விரிக்கப்பட்டது. கூட்டும் பொரியலும் வந்தன. சோறு வந்தவுடன் பழக்கத்தால் அம்மாவின் கை சாம்பார் வாளியை நோக்கி நீண்டது. மகனுக்கு ஊற்றவே அக்கை நீண்டது. பரிமாறுபவர் சிரித்துக்கொண்டே, “நீங்க உக்காருங்கம்மா, நான் ஊத்துறேன்” என்றார். அம்மா சற்றே கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டார். ஆவி பறக்கும் சோற்றில் பருப்பும் நெய்யும் விழுந்தன. பிசைந்து இரண்டு வாய் உண்டபின் அவர் மகனைப் பார்த்துக் கேட்டார்: “சுடச்சுடத் தின்னா இப்படித்தான் இருக்குமாய்யா?”

மகனின் கை இலையிலேயே நின்றுவிட்டது. வீட்டில் அப்பா முதலில் உண்பார். பிறகு பிள்ளைகள் உண்பர். எல்லாரும் எழுந்தபின் அம்மா அடுப்பங்கரையிலேயே அமர்ந்து, ஆறிய சோற்றில் சட்டியின் அடியில் எஞ்சிய குழம்பை வழித்துப் போட்டு உண்பார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் கண்ட காட்சி அது. கண்டதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மோர் ஊற்ற வந்த பரிமாறுபவரிடம் அம்மா கேட்டார்: “தம்பி, நீ சாப்பிட்டியாய்யா?”

அந்தக் கேள்வியை எதிர்பாராத அவர் ஒரு கணம் தயங்கினார். “கூட்டம் கொறஞ்ச பெறகுதாம்மா. மூணு, மூணரை ஆயிரும் எங்க பந்திக்கு.”

“அப்ப நீயும் கடசிப் பந்திதானா?” என்றார் அம்மா.

வீட்டடுப்புக்கும் கடையடுப்புக்கும் பொதுவான உண்மை ஒன்று அந்தச் சொல்லில் வெளிப்பட்டது. இரண்டிடத்திலும் சமைப்பவரும் பரிமாறுபவரும் கடைசியிலேயே உண்கின்றனர்.

வீட்டடுப்பின் கணக்கு

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாடல் ஒன்று புதுமணமக்களின் வீட்டைக் காட்டுகிறது. தயிரைப் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணை மறைக்க, தலைவி புளிக்குழம்பு ஆக்குகிறாள். தலைவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. சமைத்தவரைப் பாராட்டும் ஒரு சொல் எத்துணை மதிப்புடையது என்பதற்கு இப்பாடல் நிலையான சான்று. ஆனால், அவள் எப்போது உண்டாள் என்பதைப் பாடல் சொல்லவில்லை. கேட்கும் வழக்கமும் நெடுங்காலம் இருக்கவில்லை.

சமையற்கலையில் சிறந்தவரைப் பாராட்ட ‘நளபாகம்’ என்னும் சொல் வழங்குகிறது. புகழ் நளன் என்னும் ஆடவனுக்குச் சென்றது. நாள்தோறும் மூன்று வேளை அடுப்பருகே நிற்கும் பொறுப்போ பெண்ணுக்கு வந்தது. வீட்டில் பெண் சமைத்தால் அது கடமை எனவும் கடையில் ஆண் சமைத்தால் அது தொழில் எனவும் பெயர் பெற்றன. முன்னதற்குக் கூலி இல்லை. ஓய்வு நாளும் இல்லை.

இவ்வேறுபாட்டை எண்களும் காட்டுகின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றுக்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். அப்பணிகளில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டதோ 97 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணிநேரத்துக்கும் ஒன்றரை மணிநேரத்துக்கும் உள்ள தொலைவு இது. காலையில் அலுவலகம் சென்று மாலையில் திரும்பும் பெண்ணுக்கும் அடுப்பு காத்திருக்கிறது. ‘வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடு இல்லை’ என்று போற்றுவோர், அந்த ஈடற்ற சாப்பாட்டுக்கு யார் எத்தனை மணிநேரம் கொடுக்கிறார் என்பதையும் எண்ண வேண்டும். அவ்வாறு எண்ணும்போது, வாரத்தில் ஒருநாள் வெளியே சென்று உண்பது ஆடம்பரமாகத் தோன்றாது. வீட்டடுப்புக்குக் கிடைக்கும் விடுமுறையாகத் தோன்றும்.

கடையடுப்பின் கணக்கு

அதே கேள்வியைக் கடையடுப்பிடமும் கேட்க வேண்டும். உணவகத்தின் முன்பக்கம் குளிரூட்டப்பட்டிருக்கலாம். பின்பக்கம் அனல் காய்கிறது. குழம்பும் கூட்டும் ஆக்கும் சரக்கு மாஸ்டர், கல்லின்முன் நிற்கும் தோசை மாஸ்டர், மாவை வீசி விசிறும் பரோட்டா மாஸ்டர், காய் நறுக்குபவர், பாத்திரம் துலக்குபவர், மேசை துடைப்பவர், பொட்டலம் கட்டுபவர் எனப் பல கைகள் சேர்ந்தே ஓர் இலையை நிரப்புகின்றன. பரோட்டாவின் அடுக்குகள் ஒவ்வொன்றும் தோள்வலியின் விலையில் விரிந்தவை. இவர்களுள் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அண்மைக்காலமாக ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் மிகுந்துள்ளனர். அவர்களும் தம் தாயின் குழம்பை நினைத்துக்கொண்டே மற்றவர்க்குச் சாம்பார் ஊற்றுகின்றனர்.

செயலிகள் வந்தபின், கடை உணவு வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைக் கொண்டுவருபவர் நண்பகலிலும் முன்னிரவிலும், அதாவது எல்லாரும் உண்ணும் வேளைகளில், சாலையில் இருக்கிறார். எனவே, தம் உணவை அவர் உரிய வேளையில் உண்பது அரிது. கடைசிப் பந்தியில் இப்போது ஒரு புதிய இலையும் சேர்ந்துள்ளது.

சமைக்கும் உழைப்புக்கு மதிப்பளிக்கும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சி 2013ஆம் ஆண்டு தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய்க்கும் தயிர்ச்சோறு 3 ரூபாய்க்கும் சாம்பார்சோறு 5 ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. சுமை தூக்குவோரும் கட்டடத் தொழிலாளரும் மாணவரும் ஒரே கூடத்தில் நின்று உண்டனர். அங்கே சமைத்தவர்கள் மகளிர் தன்னுதவிக் குழுவினர். வீட்டில் கூலியின்றிச் செய்த அதே வேலைக்கு அவர்கள் அங்கே ஊதியம் பெற்றனர். சமையல் என்பது உழைப்பு என்னும் உண்மைக்கு அது ஒரு கண்கூடான சான்று.

உண்பவரின் பங்கும் இதில் உண்டு. பரிமாறுபவரை ஒருமையில் அதட்டாதிருத்தல், இலையில் வேண்டிய அளவே வாங்கி வீணாக்காது உண்டல், மழையில் நனைந்து வந்தவரைத் தாமதத்துக்காகச் சினக்காதிருத்தல், உணவு நன்றாக இருந்தால் அதைச் சமைத்தவர் காதில் விழும்படி சொல்லுதல் ஆகியவை பெரிய செயல்கள் அல்ல. ஆயினும் அனலில் நின்றவருக்கு அவை குளிர்ந்த மோர் போன்றவை.

ஒரே பந்தி

கோவில்பட்டி இளைஞர் இப்போது குடும்பத்தலைவர். அவரும் மனைவியும் வேலைக்குச் செல்கின்றனர். வார நாள்களில் காலைச் சமையல் மனைவியுடையது; இரவுச் சமையல் அவருடையது. ஞாயிறு காலையில் கறிக்குழம்பு வைப்பதை அவர் எவருக்கும் விட்டுத்தருவதில்லை. மாதத்தில் இரண்டு நாள் இரு அடுப்புகளும் ஓய்வெடுக்க, குடும்பத்தோடு வெளியே சென்று உண்கின்றனர். மகளுக்கு அத்தோவும் மகனுக்கு நெய்த்தோசையும் விருப்பம். நகரத்தில் அவ்விரண்டுக்கும் குறைவில்லை.

அவ்வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சோறும் குழம்பும் கறியும் கூடத்தின் நடுவில் வைக்கப்படும். எல்லாரும் சுற்றி அமர்வர். வேண்டியதை அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்வர். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அம்மா, “நீங்க மொதல்ல உக்காருங்க, நான் போடுதேன்” என்று கரண்டியைக் கையில் எடுப்பார். பேத்தி அக்கரண்டியை வாங்கிக்கொண்டு, “ஆச்சி, நீங்களும் உக்காந்தாத்தான் நாங்க சாப்பிடுவோம்” என்பாள். முதலிரண்டு முறை மறுத்த அவர், இப்போது தாமே தமக்கு ஒரு தட்டு எடுத்துவைத்துக்கொண்டு அமர்கிறார்.

நகரம் தந்த சுவைகள் பல. ஊர்தோறும் நாடுதோறும் இருந்து வந்த உணவுகளை அது ஒரே தெருவில் சேர்த்து வைத்தது. முன்பின் அறியாதவரை ஒரே மேசையில் அமர்த்தியது. அச்சமத்துவம் மேசையோடு நின்றுவிடாமல் அடுப்பங்கரை வரை செல்ல வேண்டும். ஆக்கிய கையும் பரிமாறிய கையும் பசியாறியதா என்று கேட்கும் பழக்கம் வீட்டிலும் கடையிலும் வேரூன்றும்போது, கடைசிப் பந்தி என்று ஒன்று தனியே இராது. சோறு சூடாக இருக்கும்போதே எல்லாரும் உண்பர்.

கற்பவை கற்றபின்…

1. வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் நன்கு சமைக்கும் உணவின் செய்முறையைக் கேட்டு, அவர் பயன்படுத்தும் கையளவு, கண்ணளவுச் சொற்களை அப்படியே பதிவு செய்க.

2. உங்கள் ஊரிலுள்ள உணவகம் அல்லது தெருவோர உணவுக் கடையில் பணிபுரியும் ஒருவரின் ஒருநாள் வாழ்வை நேர்காணல் வழி அறிந்து கட்டுரையாக்குக.

3. ஒரு வார காலத்தில் உங்கள் வீட்டுச் சமையற்பணிகளை யார் யார் எவ்வளவு நேரம் செய்கின்றனர் என்று அட்டவணைப்படுத்தி, அதனை வகுப்பறையில் கலந்துரையாடுக.